பொறி பயிற்றுவோர்க்கு ஏணி எங்கே?

பொறியியல் பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன் தமிழ்நாட்டரசுப் பள்ளியில் ஆசிரியனாக விரும்பினால், அவன் முதற்கண் செய்ய வேண்டுவது யாது? தான் கற்ற பொறியியலைத் துறத்தல்! மிகையன்று, நடைமுறை அதுவே. நடுவணரசின் ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த நெறிமுறைப்படி, அறிவியலும் கணக்கும் சிறப்பாகப் பயின்று 55 விழுக்காடு பெற்ற பொறியியற் பட்டத்தார் கல்வியியல் வகுப்பிற் சேரலாம். அதையும் முடித்தோர் தகுதித் தேர்வெழுதி, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கணக்காசிரியர் ஆகலாம் என 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டது. பாலங்கட்டக் கற்றவனும் மின்னாக்கக் கற்றவனும் பள்ளி வாயிலைக் கடந்ததும் கீழ்வாய்க் கணக்குச் சொல்லும் ஆசிரியர்கள்! கணக்குப் பயிற்றுதல் தாழ்ந்த பணியன்று. ஆயினும், நான்காண்டு உழைத்துக் கற்ற கல்வி மாணவனுக்கு எட்டாமலே மடிவது எவ்வகைச் சிக்கனம்?

பொறியியலையே பள்ளியிற் கற்பிப்போர் இலரோ எனின், உளர். 1978-இல் மேனிலைக் கல்வி தோன்றியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன்தோன்றிற்று. 2018-க்குப் பின் வந்த புதுப் பாடத்திட்டத்திலும் எந்திரவியல், மின்பொறியியல், கட்டடப் பொறியியல் ஆகியவற்றின் அடிப்படைப் பாடங்கள் இடம்பெற்றன. ஆனால், இவற்றைக் கற்பிக்க வந்தோரை அரசு எவ்வாறு நடத்திற்று? தொடக்கத்தில் பகுதிநேரத்தாராகவே அமர்த்திற்று. ஆண்டுகள் பல தேய்ந்த பின்னரே காலமுறை ஊதியம் கிட்டிற்று. ஓய்வூதியத்திற்கோ அப்பகுதிநேரப் பணியில் பாதியே கணக்கிற் கொள்ளப்பட்டது. அந்தப் பாதிக்கும் பலர் நயன்மன்றப் படியேறினர். பட்டறிவு வந்ததா? 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென மீண்டும் பகுதிநேர ஆசிரியர்களே, மாதம் 5,000 உருபாவுக்கு, 16,000-க்கு மேல் அமர்த்தப்பட்டனர்.

பொறியியல் ஏட்டுக் கல்வியன்று. அரத்தை முன்தள்ளும்போது அழுத்தி, மீட்கும்போது தளர்த்த வேண்டும் என்பதை நூல் சொல்லும். கையைப் பிடித்துப் பழக்க ஆசிரியன் வேண்டும். கடைசற்பொறியில் உளிமுனை நடுவச்சின் உயரத்தில் நில்லாவிடில் எழும் ஓசைவேறுபாட்டைச் செவியால் அறிய வைப்பவனும் அவனே. அத்தகையோன் உருவாகப் பத்தாண்டு ஆகும். மேலேறப் படியும் இல்லை, முழுநேர ஊதியமும் உறுதியில்லை எனின், பத்தாண்டு எவன் காத்திருப்பான்? தொழிற்சாலை அழைக்கிறது, போய்விடுகிறான்.

கடல்கடந்து ஈழத்தைப் பார்க்க. இலங்கையில் 2013-இல் உயர்தர வகுப்பிற் 'தொழினுட்ப'ப் பிரிவு தொடங்கப்பெற்று, 2015-இல் முதற்றேர்வு நடந்தது. பொறியியற் றொழினுட்பம் அங்கு ஒரு முழுப்பாடம். தமிழ்ப்பள்ளிகளில் தமிழிலேயே பயிற்றப்படுகிறது. (தொழில், நுட்பம் என்னும் இரண்டும் புணர்ந்தால் தொழினுட்பமே, புணர்ச்சி பிழையாது எழுதுவோர் அவர்.) குறையே இல்லாத ஏற்பாடு என்பதற்கில்லை. ஆயினும் பொறியியல் கற்றவன் பொறியியல் ஆசிரியனாகவே வகுப்பிற்குள் நுழைய அங்கு வழியுண்டு.

இங்கும் அவ்வழி திறக்கவேண்டும். பொறியியல் ஆசிரியர் என்னும் பெயரிலேயே முழுநேரப் பணியிடம். கல்வியியற் பட்டத்தில் பொறியியல் கற்பிக்கும் முறைக்குத் தனித்தாள். பட்டறைப் பொறுப்பு, மாவட்டத் தொழிற்கல்வி மேற்பார்வை, தலைமையாசிரியர் என்று ஏறிச்செல்லப் படிகள் - இவற்றை அரசு ஒரே ஆணையில் வகுக்கலாம். ஆளுக்கும் பஞ்சமில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் றொடங்கிற்று. அவ்வழிப் பட்டம் பெற்றோரைக் கொண்டே முதற்பணியிடங்களை நிரப்பலாம்.