ஸ்பூலும் ஸ்க்ரூ டிரைவரும்

பரணிலிருந்து அப்பாவின் ஸ்பூல் டேப் ரிக்கார்டரை இறக்கினேன். கனமான ஜப்பான் சரக்கு. முதலில் அலைன்மென்ட் போனது என் முதுகுக்கு.

கூடவே ஒரு ஸ்பூல். அட்டையில் அப்பாவின் கையெழுத்து: 'அம்மா, 1974'. ஓட்டினேன். பாட்டி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. ச, ஷ எல்லாம் காணோம்.

ஆபீஸ் நண்பர், "ஹெட் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும் ஸார். திருகுங்க, சரியாயிடும்" என்றார். திருகலாம். பழைய இடத்துக்குத் திரும்பி வருவது எப்படி? அதற்குத்தான் காலிப்ரேஷன் டேப். பாட்டெல்லாம் கிடையாது. துல்லியமான அளவில் பதிந்த 'கூ...' மட்டும். விலையைக் கேட்ட என் மனைவி, "இந்த ஊளைக்கா?" என்றாள்.

வாங்குவதற்கு முன் பொருத்தம் பார்க்கவேண்டும். பத்து வேண்டாம், நாலு போதும். ஒன்று, வேகம். என்னுடையது விநாடிக்கு ஏழரை அங்குலம். அந்த வேகத்தில் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அலை ஒன்று டேப்பில் பிடிக்கும் இடம் 19 மைக்ரான். தலைமுடியைவிட மெல்லிசு. ஹெட் இம்மி சாய்ந்தாலும் பாட்டியின் 'ஷ' அவுட்.

அடுத்தது ஈக்வலைசேஷன். என்.ஏ.பி., ஐ.இ.சி. என்று இரண்டு சம்பிரதாயம். மாற்றி வாங்கினால் ஏழரை அங்குலத்தில் உச்ச ஸ்தாயி ஏறக்குறைய 3 டெசிபல் பொய் சொல்லும். என் மெஷின் என்.ஏ.பி. ஆசாமி.

மூன்றாவது, ட்ராக். இந்த டேப்கள் பெரும்பாலும் முழு அகலத்துக்குப் பதிவானவை. வீட்டு மெஷின் ஹெட்டோ கால்வாசி அகலம்தான் படிக்கும். பக்கத்து வீட்டு சத்தமும் கொஞ்சம் கேட்பதால் கீழ் ஸ்தாயியில் மீட்டர் தூக்கலாகக் காட்டும். அதை நம்பி பாஸைக் குறைத்தால் போச்சு.

லெவல்? 185, 200, 250 நானோவெபர் என்று பெட்டியில் போட்டிருக்கும். 185-க்கும் 250-க்கும் இரண்டரை டெசிபல் சொச்சம்தான். எண் தெரிந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"நான் காப்பி பண்ணித் தரேன் ஸார்" என்றார் அதே நண்பர். காப்பி எடுத்த மெஷினின் கோணலும் சேர்ந்து வருமே! ஆம்பெக்ஸில் இருந்த ஜே மெக்நைட் 1972-ல் துவக்கிய எம்.ஆர்.எல். டேப்பே வாங்கினேன். கை கடித்தது.

ஹெட்டைத் துடைத்து, டீமேக்னடைஸ் செய்து, ரிக்கார்ட் பட்டன் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டு (கை பட்டால் ஊளை காலி) ஆரம்பித்தேன். ஸ்க்ரூவைத் திருக, மீட்டர் முள் உச்சிக்கு ஏறியது. கச்சிதம்.

பாட்டியைப் போட்டேன். இன்னும் கம்பளி!

அப்புறம்தான் புரிந்தது. 1974-லேயே அப்பாவின் ஹெட் சாய்ந்திருந்திருக்கிறது. சாய்ந்து பதிந்ததைச் சாய்ந்துதான் படிக்கவேண்டும். இப்போது பயமில்லை, திரும்பி வர வழி இருக்கிறது. மீட்டரை மறந்து, காதை மட்டும் வைத்துக்கொண்டு, கால் திருகு...

"டேய், ஷெல்ஃபுல சீடை வெச்சிருக்கேன். சாயங்காலம் எடுத்துக்கோ."

பின்னால் அப்பா சிரிக்கிறார். வயசு என்னைவிடக் கம்மி.