காதைத் தவிர

பட்ஸ் குச்சி ஒரு டப்பா எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். தையல் மெஷினின் பாபின் பக்கம் அடைந்துகிடக்கும் நூல் தூசியை எடுக்க இதைப்போல ஒரு சாமான் கிடையாது. டிவி ரிமோட்டின் இடுக்கு, மூக்குக்கண்ணாடியில் மூக்கு படும் இடத்துப் பச்சை அழுக்கு, குத்துவிளக்கின் வேலைப்பாடு, பேரனின் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து என்று எதற்கும் கைகொடுக்கும். காதுக்குள் மட்டும் விடக்கூடாது என்பது என் கட்சி.

டப்பாவிலேயே அப்படித்தான் அச்சடித்திருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க நம் வயதில் பூதக்கண்ணாடி வேண்டும்!

1923இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர் இதை விற்கத் தொடங்கியது குழந்தைகளைத் துடைக்கத்தான். அது வருவதற்கு முன்பும் நாம் சும்மா இருக்கவில்லை. கோழி இறகு, ஹேர்பின், தீக்குச்சி. பின்னாளில் ஸ்கூட்டர் சாவி. குடையும் சுகம் அப்படி. சிலருக்குக் குடையும்போதே இருமல் வரும். தொண்டைக்குப் போகும் நரம்பின் கிளை ஒன்று காதுக்கும் வருவதே காரணம்.

குறும்பி அழுக்கு அல்ல, தூசியைப் பிடித்து நிறுத்தும் காவல். காதுக்குள் இருக்கும் தோல் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து அதையும் தள்ளிக்கொண்டு வரும். நாம் மெல்லும்போது தாடை அசைவதும் உதவும். பட்ஸ் செய்வது நேர் எதிர்வேலை: உள்ளே தள்ளிக் கெட்டிப்பது. வயதானால் குறும்பி உலர்ந்தும் போகும்.

நண்பர் ஒருவர் வீட்டு டிவி தெருமுனை வரை கேட்கும். பிள்ளைகள் காது மெஷினுக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, கல்லாக இறுகியிருந்ததை எடுத்துப்போட்டார். பத்து நிமிட வேலை. வெளியே வந்தவர், "ஏன் எல்லாரும் கத்துறீங்க?" என்றாராம்.

எல்லாருக்கும் இப்படிச் சிரிப்பாக முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காதுக்குள் விழும் சின்னக் கீறல்கூட எலும்பு வரை பரவும் தொற்றாக மாறலாம். பார்த்தால் நம் வயதுக்காரர்கள் பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள்.

2022 ஜூலை முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்குத் தடை வந்தது. இப்போதைய காகிதக் குச்சி ஈரம் பட்டால் நொளுக்கென்று வளைகிறது. மெஷினுக்குக் கொஞ்சம் சிரமம்தான். காதுக்கோ, குளித்தபின் துண்டு முனையால் வெளிமடலைத் துடைத்தால் போதும். அடைத்த மாதிரி இருந்தால் டாக்டரிடம் போங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காய்ச்சின எண்ணெயையும் ஊற்றாதீர்கள்.