பந்தலிலும் மாறட்டும் பழக்கம்

சிலாங்கூரில் 2017 ஜனவரியில் நெகிழிப் பைக்கு 20 சென் கட்டணம் வந்தது. பாலிஸ்டிரீன் உணவுப் பெட்டிக்குத் தடையும் வந்தது. அன்று முணுமுணுத்தவர்களில் பலர் இன்று துணிப்பையோடு கடைக்குப் போகிறார்கள். ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலையில் அந்தப் பழக்கம் காணாமல் போகிறது. லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில், தண்ணீர்ப் பந்தல்களைச் சுற்றி நெகிழிக் குவளைகளும் போத்தல்களும் குவிகின்றன. தாகம் தீர்ப்பது பெரும் புண்ணியம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் குப்பையை விடிய விடிய அள்ளுபவர்களையும் நினைக்க வேண்டாமா? 2030க்குள் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை ஒழிக்க மலேசிய அரசு 2018இலேயே திட்டம் வகுத்தது. சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பந்தல் அமைப்போரே, பெரிய தொட்டிகளில் நீர் வையுங்கள். பக்தர்களே, பால்குடத்தோடு வீட்டுப் போத்தல் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.