நெருக்கடி என்னும் உரைகல்

போர் மனிதனுடைய இயல்பைக் காட்டுகின்றதா, அன்றி அவனை வேறொருவனாக மாற்றிவிடுகின்றதா? மாணவர் பலர் கேட்கும் வினா இது. இதற்கு விடையை ஏடுகளில் தேடுவதினும் மன்னார்த் தீவின் வரலாற்றில் தேடுதல் நலம்.

மன்னாரில் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்து வந்தனர். பேசும் மொழி ஒன்று. தொழில் செய்யும் கடல் ஒன்று. கூடும் சந்தையும் ஒன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேறல் வேண்டும் என விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் ஆகிய இடங்களின் மக்கள், பிறந்த மண்ணைத் துறந்து கடற்கரைக்கு வந்தனர். தீவினரிற் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். வடக்கிலிருந்து இவ்வாறு பெயர்க்கப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

ஆணையிட்டோர் யாவர்? தம் இனத்துக்கு நீதி வேண்டி ஆயுதம் ஏந்தியவர்கள். 1958 இலும் 1983 இலும் தெற்கில் வீடிழந்த தமிழர் கப்பலேறி வடக்கே வந்த கதையை நன்கறிந்தவர்கள். துன்பம் இரக்கத்தைக் கற்பிக்கும் என்பர் ஆன்றோர். ஆனால் துன்பம் தானாக எதனையும் கற்பிப்பதில்லை என்பதையே அந்த ஒக்டோபர் நமக்கு உணர்த்துகின்றது.

அதே நாட்களில் மன்னாரின் கத்தோலிக்கக் குருமார் அவ்வாணையை நீக்குமாறு வேண்டி நின்றனர். அவர்களும் அப்போரின் நடுவே வாழ்ந்தவர்களே; சொல்லையன்றி அவர்கள் கையில் வேறொன்றும் இருந்ததில்லை. ஆணை நீங்கவில்லை. எனினும் அந்தச் சொல் வீணாயிற்று என நான் கருதேன். அயலவனுக்காகப் பேசுவோர் அன்றும் இருந்தனர் என்று நாம் கூறக்கூடியதாக இருப்பது அதனாலேயாம். அஞ்சி வாளாவிருந்தோரை நாம் எளிதிற் பழித்தல் தகாது. ஆயினும் அவர்களுடைய மௌனம், வெளியேறியோரின் நெஞ்சில் ஆணையைப் போலவே பதிந்திருக்கும் அன்றோ?

ஆகவே வினாவுக்கு விடை இதுவெனத் தோன்றுகின்றது: 'நாம்' என்னும் சொல்லின் எல்லையைப் போர் சுருக்குகின்றது. அச்சுருக்கத்துக்கு இணங்குவோர் மாறிவிடுகின்றனர். இணங்காதோர் தம் இயல்பைக் காட்டுகின்றனர்.

2002 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அன்ரன் பாலசிங்கம் கிளிநொச்சியில், அவ்வெளியேற்றம் அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு தலைமுறை அகதியாக வளர்ந்துவிட்டது. 2009 இல் போர் முடிந்தபின் பலர் மன்னாருக்கு மீண்டனர். சிலர் புத்தளத்திலேயே நிலைத்துவிட்டனர். மீண்டோரை அயலவராக ஏற்கின்றோமா, காணிக்குப் போட்டியாக வந்தவரென நோக்குகின்றோமா? துப்பாக்கி ஓய்ந்த பின்னும் உரைகல் ஓயவில்லை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். 1983 ஐப் பற்றி நம் பிள்ளைகளுக்குக் கூறுகின்றோம், கூறவும் வேண்டும். அதே வாயால், அதே மேசையில், 1990 ஐயும் கூறுவோமாக.