நாற்பது பேர் இருந்தோம். காவல் இருந்தது யார்?

பத்துப்பேர் கூடின இடத்தில் பாம்பு சாகாது என்பார்கள் நம் பெரியவர்கள். பாம்பு சாகாவிட்டால் போகட்டும். அதே பத்துப்பேர் கூடின இடத்தில் பிள்ளை செத்தால் யாரைக் கேட்பது?

சென்ற ஆண்டு எங்கள் கிளையின் குடும்ப தினத்துக்குப் புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் வைத்துத் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போனோம். பெரியவர்கள் மட்டும் நாற்பது பேருக்குக் குறையாது. ஒருபுறம் சமையல், ஒருபுறம் சீட்டாட்டம். வாலிபர் கைகளிலெல்லாம் கைத்தொலைபேசி. நானோ கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிர்ஷ்டக் குலுக்கலுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அந்தப் பிள்ளை ஏன் அப்படி நிக்குது?" என்றார் பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர்.

ஐந்து வயதுப் பெண். தண்ணீர் வாய்க்கு மேலே நின்றது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு கையசைப்பில்லை. விளையாடுகிறது என்றுதான் நான் நினைத்தேன். அந்த அக்கா நினைக்கவில்லை. கட்டிய சேலையோடு இறங்கித் தூக்கிவிட்டார். பிள்ளை இருமிக் கக்கி அழுத பிறகுதான் பெற்ற தாய்க்கே சேதி தெரிந்தது. நான் இருந்த இடத்திலிருந்து பதினைந்து அடிகூட இராது, தோழர்களே! கையில் புத்தகத்தோடு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது. எல்லாரும் சேர்ந்து அந்தத் தாயை ஏசினார்கள். "பெத்தவளுக்குக் கவனம் வேணாமா?" என்றார்கள். விடியுமுன் எழுந்து நாற்பது பேருக்கும் சம்பல் அரைத்தவள் அவள். கடற்கரையிலும் அவள் கையில் அகப்பையைக் கொடுத்தவர்கள் நாம். அவள் சமைத்ததை உண்டுவிட்டு அவளையே ஏசுவது எந்த ஊர் நியாயம்? "ஏதோ விதி, ஆயுசு கெட்டி" என்றார் ஒரு பெரியவர். விதியின்மேல் பாரத்தைப் போடுவது சுலபம். விதி வந்து பதில் சொல்லப் போவதில்லையல்லவா!

நீரில் மூழ்குகிறவன் கத்துவான், கையை ஆட்டுவான் என்பது சினிமாவில் பார்த்தது. நியூயார்க் நகரின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காக்கும் காவலராயிருந்த பிராங்க் பியா என்பவர் உண்மையில் மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். மூச்சுக்கே போராடும் வாய்க்குக் கூப்பிட நேரமில்லை; கைகள் தாமாகவே தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்ட வராது. 20 முதல் 60 விநாடிக்குள் ஆள் உள்ளே போய்விடுவான். குலுக்கலுக்கு ஒரு சீட்டுக் கிழித்துச் சில்லறை கொடுக்கும் நேரம் அது.

அவரே 1984இல் இன்னொன்றும் சொன்னார். சம்பளத்துக்கு வைத்த காவலர் நிற்கும்போதே ஆட்கள் சாவது எதனால்? மூழ்குவதை இன்னதென்று அறியாமை ஒன்று. காவலர் தலையில் வேறு வேலையைச் சுமத்துவது ஒன்று. கவனம் சிதறுவது ஒன்று. நடுவிலுள்ளதைத் தொழிற்சங்கக்காரன் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒருவனுக்கு இரண்டு வேலை கொடுத்தால் இரண்டும் கெடும் என்று நிர்வாகத்திடம் எத்தனை முறை வாதாடியிருக்கிறோம்! நம் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் சமையல், சீட்டு, அரட்டை எல்லாவற்றோடும் சேர்த்துக் காவலும் தானாய் நடக்கும் என்று நம்புகிறோம்.

நான் கிராணி. செக்ரோலில் பெயர் ஏறாத நிரையை யாரும் வெட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். கடற்கரையில் நாற்பது பேர் இருந்தோம். "காவல்" என்ற தலைப்பின் கீழ் ஒரு பெயர்கூட இல்லை. தாய் தகப்பனை நம்பினாள், தகப்பன் சித்தியை நம்பினான், சித்தி "இத்தனை பேர் இருக்காங்களே" என்று இருந்துவிட்டாள்.

"பெற்றவன் பார்த்துக்கொள்ளட்டும், இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கும் தோழருக்கு ஆயாக் கொட்டகையை ஞாபகப்படுத்துகிறேன். தாய் பிரட்டுக்குப் போனதும் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயா, அவளுக்கு அது ஒன்றே வேலை. தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம் பற்றி 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் பேசுகிறது. இன்று குளங்கள் நிறைந்த வங்காளதேச கிராமங்களில் அதே ஏற்பாட்டை 'ஆஞ்சல்' என்ற பெயரில் நடத்துகிறார்கள். தாய்க்கு வேலை மிகுந்த காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை ஒருத்தி பிள்ளைகளை வைத்திருக்கிறாள். அங்கே வரும் பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. உலகத்தில் 2021இல் மூழ்கி இறந்தவர் 3 லட்சம், அதில் ஏறக்குறையக் கால்வாசி 5 வயதுக்குட்பட்டவர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஆயாவைப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் புல் வெட்டப் போ என்று துரை சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்போமா?

கழிவுநீர்க் குளத்துக்கு வேலி, அல்லூருக்கு மூடி, இந்தக் கோரிக்கைகளை விடச் சொல்லவில்லை, கேட்டே தீரவேண்டும். ஆனால் சீட்டுக்கட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் மகஜர் நீட்டினால் எந்த மானேஜர் மதிப்பான்?

ஆகவே வரும் கிளைக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். கடலோ ஆறோ குளமோ, நீரருகே கூடும்போது இருவர் இருவராகக் காவல், 20 நிமிஷத்துக்கு ஒரு மாற்று. கையில் சிவப்புத் துணி கட்டியவருக்குத் தொலைபேசி, மது, சீட்டு, பேச்சு ஒன்றும் கிடையாது. மாறும்போது பிள்ளைகளை எண்ணி, துணியைக் கைக்குக் கை கொடுத்து, "இனி நீங்கள்" என்று வாயால் சொல்லவேண்டும். சின்னஞ்சிறுசுகளுடன் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் தனியே. ஒரு பிள்ளை கணக்கில் குறைந்தால் முதலில் தேடும் இடம் தண்ணீர். ஐஸ்கிரீம் வண்டியைப் பிறகு பார்க்கலாம். ஆண்களும் நிற்கவேண்டும், செயலாளரும் நிற்கவேண்டும்.

தாளுக்குக் கோடு போட்டுவிட்டேன். முதல் வரி, காலை 9 முதல் 9.20 வரை, என் பெயர். பக்கத்தில் அந்த அக்காவின் பெயரைப் போடக் கேட்டேன். "நான் ஏற்கெனவே ஒரு தடவை நின்னுட்டேன் அண்ணே, இந்தத் தடவை சீட்டு ஆடுறவங்களைப் போடுங்க" என்றார். அந்த இடம் காலியாயிருக்கிறது. குலுக்கல் புத்தகத்தையும் யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.