படத்தைக் கண்டால் ஏன் இந்தப் பதற்றம்?

இணையத்தில் பலரும் பகிரும் புகைப்படங்களை வகுப்பறைக்குள் விடவே கூடாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவை நம்பத்தகாதவையாம், திருட்டுச் சரக்காம், பிள்ளைகளுக்கு ஆபத்தாம். மூன்றையும் உரசிப் பார்த்தால் மிஞ்சுவது ஆசிரியர்கள் மீதான அவநம்பிக்கை மட்டுமே.

முதலில் நம்பகத்துக்கு வருவோம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய படங்களில் 3,000-க்கும் மேற்பட்டவற்றை ஃப்ளிக்கர் தளத்தில் வைத்தது. அவற்றுள் பெயின் செய்தி நிறுவனத்தின் படங்கள் பலவற்றுக்கு அரைகுறைக் குறிப்புதான் இருந்தது. பார்த்தவர்கள் ஆளையும் இடத்தையும் அடையாளம் சொன்னார்கள். நூலகம் அவற்றைச் சரிபார்த்து, ஓராண்டுக்குள் 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைச் செம்மைப்படுத்தியது. அத்தனை பெரிய நூலகமே ஊராரிடம் கேட்டுக்கொள்ள வெட்கப்படவில்லை. நம் கட்டுரையாளருக்குத்தான் கௌரவக் குறைச்சல்.

படம் பொய் சொல்லும் என்கிறாரே, சொல்லும்தான். டொரோதியா லேங் 1936-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல் தெரிந்தது. பிற்பாடு அதை நெகட்டிவிலேயே மறைத்துவிட்டார்கள். விரல் தெரியும் படமும் மறைத்த படமும் அதே நூலகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே திரையில் காட்டி, என்ன மாறியிருக்கிறது, ஏன் மாற்றினார்கள் என்று கேட்டாலே அன்றைய வரலாற்றுப் பாடம் களைகட்டிவிடும். எடுத்தவர் பெயரும் ஆண்டும் இல்லாமல் பாடநூலில் அச்சாகும் மங்கல் படத்தை வைத்து இப்படிக் கேட்க முடியுமா?

அடுத்தது திருட்டுப் பட்டம். கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதியெடுப்பது உரிமை மீறலாகாது என்று 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் சொல்கிறது. போதாதென்று, படம் எடுத்தவர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் முன்கூட்டியே அனுமதி தந்த படங்கள் ஏராளம். படத்தின் கீழே எழுதியிருப்பதைக்கூடப் படிக்காமல் திருடன், திருடன் என்று கூவுகிறவர் வாசிப்பின் மேன்மையைப் பற்றி நமக்கு உபதேசிக்கிறார்!

கடைசியாக ஆபத்து. பிள்ளைகளின் முகங்களைப் பொதுவெளியில் ஏற்றக்கூடாது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆசிரியர் தேர்ந்தெடுத்து, தரவிறக்கி, திரையில் காட்டும் ஒரு பழைய படத்தால் எந்தப் பிள்ளையின் முகம் வெளியே போகிறது? பார்ப்பதையும் பதிவேற்றுவதையும் ஒன்றாகக் குழப்பிப் பூச்சாண்டி காட்டுவதற்கு வாதம் என்று பெயரில்லை.

ஆசிரியர்களே, தயங்காமல் காட்டுங்கள். எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே காட்டுங்கள். பிள்ளைகள் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கட்டும். வகுப்பறை இருப்பதே அதற்குத்தான்.