கேமராவை ஆன் பண்ணச் சொல்லாதீர்கள்

அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' நூலை எட்டு வாரம் இணையவழியில் சேர்ந்து படிக்கலாம் என்று நம் இதழ்க்குழு முடிவெடுத்ததும் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி, எந்த ஆப்புல நடத்தப் போறோம்? ரெண்டாவது, சர்டிபிகேட் உண்டா? யாரெல்லாம் வர முடியும், யாரால் முடியாது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாடம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருப்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, 2021 ஆகஸ்டில், 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாகச் சுமார் 1,400 ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிராமப்புற தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். மற்ற சாதிப் பிள்ளைகளில் 15 பேர். ரெண்டுமே கேவலமான எண்தான். அந்தக் கேவலத்துக்குள்ளும் ஊர் தனி, சேரி தனி. போன் இருந்த வீட்டிலும் அது அப்பனோடு வேலைக்குப் போய்விட்டது. பொம்பளப் புள்ளைக்குக் கடைசி முறைதான்.

சரி, போனும் நெட்டும் கிடைத்துவிட்டால்? அதே 2021இல், ஏப்ரலில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு இணையவழியில் நடந்தது. ஆங்கிலம் எடுத்த பேராசிரியர் திரை வழியாகவே அந்தப் பிள்ளைகளை வாய்க்கு வந்தபடி திட்டினார். எங்கே வேணும்னாலும் புகார் பண்ணிக்கோ என்றும் சவால் விட்டார். காணொளி வெளியே வந்ததால் நமக்குத் தெரிந்தது. பெஞ்சும் கரும்பலகையும் காணாமல் போனாலும் மியூட் பட்டன் ஒருவர் கையில்தான் இருக்கிறது. இந்த முறை அது என் கையில் இருக்கும் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் கேமரா கட்டாயமில்லை. முகத்தைப் பார்த்தால்தான் பாடம் நடத்த வரும் என்கிற வாத்தியார்கள் உண்டு. ஒத்தை அறை வீட்டில், பின்னால் அம்மா சோறு வடிக்க, தம்பி தூங்க, கொடியில் துணி தொங்க உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் 'கேமராவை ஆன் பண்ணு' என்றால், வீட்டைத் திறந்து காட்டு என்று அர்த்தம். அறிமுகப் படலத்தில் ஊர் கேட்பதும் வேண்டாம். எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு என்று அது எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாததா? எந்தப் பெயரில் வர நினைக்கிறார்களோ அந்தப் பெயரிலேயே வரட்டும்.

ஒரு மணிநேரம் நான் பேசி, அவர்கள் தேமேயென்று கேட்பதற்குத் தொலைக்காட்சி போதும். வாரத் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பக்கங்களையும் பத்து நிமிட ஒலிப்பதிவையும் அனுப்பிவிடுவது. டேட்டா அதிகம் தின்னாது, வேலைக்குப் போகிற வழியிலும் கேட்கலாம். நேரலை நாற்பது நிமிடம் மட்டும். அதற்கும் ஞாயிறு என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய்த்தான் நம் மாணவர்கள் பலர் பீஸ் கட்டுகிறார்கள். விடுதியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடியில்தான் சிக்னல். அவர்களைக் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும். ஐந்து ஐந்து பேராகக் குழு. வாரம் ஒருவர் பேச்சைத் தொடங்குவார், நான் கடைசியில் பேசுவேன்.

என்ன கேட்பது என்பதில்தான் பல நாள் யோசனை ஓடியது. 'உங்களுக்கு நேர்ந்த தீண்டாமையைச் சொல்லுங்கள்' என்று ஆரம்பிப்பது சுலபம். நம்ம புள்ளை அழும், மற்றவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், வகுப்பு உருக்கமாக முடிந்துவிடும். நம் காயத்தை எடுத்து அடுத்தவனுக்குப் பாடப்புத்தகமாகக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. கேள்வி மறுபக்கம் போகட்டும்: உன் வீட்டில் சாதியை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வயதில், என்ன சொல்லி? ஆதிக்கச் சாதி மாணவர்கள் முதலில் பேசட்டும். நம்மவர்கள் விரும்பினால் பேசுவார்கள்.

இலவச இணையப் பாடங்கள் பெரும்பாலானவற்றில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடக் கடைசிவரை வருவதில்லை. ரெண்டாம் வாரமே கரைய ஆரம்பித்துவிடுவார்கள். வங்கிக் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன்: பணம் எடுக்கிற சலானைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையிலும் நிற்காமல் வெளியேயும் போகாமல் சுவரோரம் ஒருவர் நிற்பார். 'என்னங்கய்யா, எழுதணுமா' என்று நாம் கேட்டால்தான் நகர்வார். வராமல் போகிறவர்களுக்கு ஒரு போன் போட வேண்டும். ஏன் வரலை என்று விசாரிக்க அல்ல. எந்த எடம் புரியலை, டேட்டா தீர்ந்துபோச்சா என்று கேட்க. நூறு பேரைச் சேர்த்துவிட்டு இதைச் செய்ய முடியாது. முப்பது பேர் போதும்.

இந்தப் புத்தகமே அரங்கம் மறுக்கப்பட்ட பாடம்தான் தோழர்களே. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டின் தலைமையுரைக்கு அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் ஒப்பவில்லை. மாநாடு நடக்கவில்லை. உரையைத் தன் செலவிலேயே அச்சிட்டார். 1,500 படிகள் ரெண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937க்குள் குஜராத்தியிலும் தமிழிலும் வந்துவிட்டது. எதிரே ஒரு முகத்தைக்கூடப் பார்க்காமல் நடத்தப்பட்ட வகுப்பு அது.

முதல் வாரத்துக்கு அந்த மண்டலும் அம்பேத்கரும் எழுதிக்கொண்ட கடிதங்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். நூலின் முன்பகுதியிலேயே இருக்கின்றன. பக்கத்தில் போன் இல்லாத தோழர் யாராவது இருந்தால் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள்.